எண்ணெய் குடித்த புத்தகம்

"எண்ணெய்க் கையோட புத்தகத்தைத் தொடாதீங்கம்மா" என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் தெருக்கோடி அங்கன்வாடியில் போன மாதம் அம்மாக்களைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். எதிர்வீட்டு மருமகள் ஷூ கம்பெனிக்கு ஷிப்டு போய்விட்டாள். அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பதில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேலூரிலிருந்து வந்த அந்தப் பெண் பெரிய படப் புத்தகம் ஒன்றை விரித்துப் பிடித்துப் பாடிக் காட்டினாள். படத்தைக் காட்டுங்கள், பாட்டைப் பாடுங்கள், பாடும்போது எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டுங்கள், கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள், அதைப் பிள்ளை சொல்லட்டும் என்றாள். இது புது முறையாம். இப்போதுதான் வந்திருக்கிறதாம்.

எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆள் முன்னால் பேச எனக்கு இந்த வயதிலும் வாய் வராது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமால் டமாலென்று கழுவிக் கவிழ்த்தேன். ஐந்தாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் எழுத வரும். பேச வராதவள் எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

அது புது முறை இல்லை. நான் ஒண்ணாங் கிளாஸ் படிக்கும்போதே எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அதைச் செய்தார். அவரைச் செய்யவிடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஆம்பூருக்குப் பக்கம். நைனாவும் சித்தப்பாவும் ஆற்றோரத்துத் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார்கள். அப்போதெல்லாம் தோல் பதனிடுவது சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம் பட்டைத் தண்ணீரிலும்தான். நைனாவுக்குச் சுண்ணாம்புக் குழி, சித்தப்பாவுக்குப் பட்டைத் தொட்டி. அதனால் நைனாவின் கை வெந்து வெளுத்திருக்கும், சித்தப்பாவின் கை முழங்கை வரைக்கும் செம்மண் நிறத்தில் இருக்கும். எங்கள் தெருவுக்கு ஒரு நாற்றம் உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அதற்கு முன்னால் அது வெறும் காற்று.

பள்ளிக்கூடத்தில் முதலில் எங்களுக்குப் படிப்பு என்றால் மணல். மணலைப் பரப்பி, நம் விரலைப் பெரிய வாத்தியார் தன் கைக்குள் பிடித்து அழுத்தி 'அ' போட வைப்பார். விரல் நுனித் தோல் உரிந்துவிடும். 'அ'வைக் கண்டாலே எனக்கு விரல் எரியும். வாயைத் திறந்து சொல்லு என்று அவர் கத்துவார். எனக்கு வாய் திறக்காது. ஊமைக் கோட்டான் என்று எனக்குப் பேர் வைத்தவர் பெரிய வாத்தியார்தான். பிள்ளைகள் அப்புறம்தான் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பொங்கல் கழித்துப் புது டீச்சர் ஒருவர் வந்தார். டிரெயினிங் முடித்து நேராக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த சின்ன வயசுப் பெண். மணலைக் கூட்டி மூலையில் ஒதுக்கினார். எங்களோடு தரையில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பள்ளிக்கூடத்துப் புத்தகம் இல்லை, அவருடைய சொந்தப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இரண்டு வரிப் பாட்டு.

அணில் ஏறுது மரத்திலே
அவரைக்காய் அதன் கரத்திலே

முதல் நாள் டீச்சர் பாடினார், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் எல்லோரும் சேர்ந்து பாடினோம். கும்பலோடு பாடும்போது என் குரல் யாருக்கும் தனியாகக் கேட்காது என்ற தைரியத்தில் நானும் பாடினேன். அப்புறம் டீச்சர் ஒரு வேலை செய்தார். பாதியில் நிறுத்திவிடுவார்.

"ஆட்டுக்குத் தின்னத் தழை வேணும், ஆத்துக்கு ஓட?"

"மழை வேணும்!" என்று கூரை பறக்கக் கத்துவோம்.

"தழை, மழை. ரெண்டும் ஒரே மாதிரி சத்தம் வருதா? அப்போ ரெண்டையும் பாருங்க. எங்க ஒரே மாதிரி இருக்கு?"

எல்லோருடைய தலையும் புத்தகத்தின் மேல் முட்டிக்கொண்டது. நான்தான் கண்டுபிடித்தேன். இரண்டு வார்த்தைக்கும் பின்னால் ஒரே எழுத்து வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாயில் ஒன்றாக இருந்தது காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாயால் சொல்லாமல் விரலை வைத்துக் காட்டினேன். டீச்சர் என் விரலைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். மணலில் தேய்ந்த அதே விரல்.

ஒரே புத்தகம், பெஞ்சு இல்லாத வகுப்பு முழுக்கப் பிள்ளைகள். எல்லோருக்கும் தொட வேண்டும், எல்லோருக்கும் பக்கம் புரட்ட வேண்டும். கொஞ்ச நாளில் தையல் விட்டுப்போயிற்று. ஊஞ்சல் பக்கம் கழன்று தொங்கியது, ஒட்டகத்தின் கால் கிழிந்தது. டீச்சர் முகம் வாடிவிட்டது.

"யார் வீட்டுலயாவது இதை ஒட்டித் தைச்சுத் தர ஆள் இருக்கா?"

நான் கை தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் நான் கை தூக்கியது அதுதான் முதல் தடவை. சித்தப்பாவால் முடியாதது எதுவும் கிடையாது என்று நம்பிய வயசு. டீச்சர் புத்தகத்தைத் தன் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்து, "ஜாக்கிரதை, இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். வழி நெடுக அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அது பத்திரமாக டீச்சர் கைக்குத் திரும்பப் போக வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

சித்தப்பா புத்தகத்தைப் பார்த்ததும் சிரித்தார். "ப்பூ! காகிதம் கிழியத்தான் கிழியும். தோல்ல அட்ட போட்டுட்டா உன் பேரப்புள்ள கூடப் படிக்கும். வாணியம்பாடில நம்ம தோஸ்து ஒருத்தன் பைண்டிங் கடையில கீறான், ஊசியும் நூலும் வாங்கியாறேன். ரெண்டே நாள்" என்றார்.

இரண்டு நாள் என்றவர் இழுத்துக்கொண்டே போனார். முதலில் நூல் வரவில்லை. அப்புறம் பசை காயவில்லை. அப்புறம் தோல் துண்டு சரியாக அமையவில்லை. தினமும் காலையில் டீச்சர் "சித்தப்பா முடிச்சாராம்மா?" என்று கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பின்னால் யாராவது, "தோல் ஷாப்புல வித்துட்டாங்க டீச்சர்" என்பார்கள். புத்தகம் இல்லாததைப் பார்த்துப் பெரிய வாத்தியார் மறுபடி மணலை எடுத்து வந்து பரப்பிவிட்டார். என் விரல் மறுபடி எரிந்தது. எல்லாம் சித்தப்பாவால்.

இத்தனைக்கும் அவர் தினமும் புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேலையிலிருந்து வருவார். வந்ததும் சாம்பலும் புளியும் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார். பட்டைக் கறை எங்கே போகிறது? ஆனாலும் தேய்ப்பார். துண்டில் துடைத்துக் காயவைத்த பிறகுதான் ஒரு பக்கத்தை எடுப்பார். எடுத்தால் தைக்க மாட்டார். என்னைக் கூப்பிடுவார்.

"பாப்பா, இங்க வா. இது இன்னா பக்கம்?"

"அதான் படம் போட்டிருக்கே சித்தப்பா. உரல்."

"படம் தெர்யுது. பாட்டு சொல்லு. வெரல வெச்சிக்கினு சொல்லு."

"உரலுக்குள்ளே நெல்லு, உலக்கைகிட்டச் சொல்லு."

"இரு இரு, ஓடாத. நெல்லு எங்க? சொல்லு எங்க?" என்று குனிந்து பார்ப்பார். அவருடைய செம்மண் விரல் என் விரலுக்குப் பின்னாலேயே வரும். இரண்டு வார்த்தையையும் மாறி மாறிப் பார்த்துத் தொடையில் தட்டிக்கொள்வார். "அட! ரெண்டுத்துக்கும் பின்னாடி ஒரே மூஞ்சி!"

எனக்கு எரிச்சலாக வரும். அது எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம். "இதைத்தான் நேத்தே சொன்னேனே! நீ தைக்கவே இல்ல. டீச்சர் என்னைக் கேக்கறாங்க" என்று காலை உதைப்பேன்.

நைனா கட்டிலில் படுத்தபடி சிரிப்பார். "இன்னாடா, ஒண்ணாங் கிளாஸ் சேந்துட்டியா? சிலேட்டு வாங்கித் தரட்டுமா? மூக்கு ஒழுகுனா சொல்லு, தொடைச்சி உடறேன்."

"போ அண்ணே. எந்தப் பக்கம் முன்னாடி, எந்தப் பக்கம் பின்னாடின்னு தெரியாம எப்படித் தைக்கறது? மாத்தித் தைச்சா டீச்சரம்மா பேஜாராவாங்க" என்பார் சித்தப்பா. பதில் நியாயமாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம் என்பார். நேற்றைய பக்கத்தைப் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முணுமுணுப்பார். எலிப் பக்கம் வந்தபோது, "எலிக்கு வீடு பொந்து, எறும்புக்கு வீடு சந்து" என்று நான் ஆரம்பிப்பதற்குள் 'சந்து' அவரிடமிருந்து வந்தது. வந்ததும் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டகம் வந்த அன்றைக்கு நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினேன். "நாளைக்குப் புத்தகம் இல்லாம நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன்" என்று தரையில் புரண்டேன். அம்மாவும், "அதான் புள்ள அழுவுதே, குடுத்துத் தொலையேன்" என்று கத்தினாள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்த பக்கங்களைக் கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அப்புறம் எழுந்து வேலையை ஆரம்பித்தார். அரை மணியில் பக்கங்களைத் தைத்து முடித்தார். ஆட்டுத் தோலில் வெட்டி வைத்திருந்த அட்டையை ஒட்டினார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஓரத்தில் வெள்ளை நூல் பல் வரிசை மாதிரி ஓடியது. இப்படி அரை மணியில் முடிகிற வேலைக்கா இத்தனை நாள் என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சித்தப்பா தோல்காரர். அவருக்குத் தெரிந்தவரை, எண்ணெய் காட்டாத தோல் உழைக்காது, வெடித்துவிடும். ஷாப்பில் ஒவ்வொரு தோலுக்கும் கடைசியில் எண்ணெய் தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பாரம் வைத்து விட்டுவிடுவார்கள். விடிவதற்குள் தோல் எண்ணெயைக் குடித்துவிடும். டீச்சர் புத்தகமாயிற்றே, அதற்குக் குறை வைப்பாரா? மீன் எண்ணெயும் புங்க எண்ணெயும் கலந்ததை அட்டைக்கு உள்ளும் புறமும் தாராளமாகத் தேய்த்து, ஆட்டுக்கல்லைத் தூக்கி மேலே வைத்தார். புத்தகத்துக்கு அவருக்குத் தெரிந்த அதிகபட்ச மரியாதை அது.

காலையில் அவர் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். அம்மா கல்லை நகர்த்தி எடுத்துத் தந்தாள். தோல் குடித்தது கொஞ்சம்தான். மிச்சத்தைக் காகிதம் குடித்திருந்தது. எல்லாப் பக்கமும் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அணிலுக்குக் கொம்பு முளைத்திருந்தது, பின்பக்கத்து ஆட்டின் கொம்பு. ஒட்டகத்தின் வயிற்றுக்குள் ஓர் ஓடம் மிதந்தது. நாற்றம் எங்களுக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுதுகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் புரட்டிப் பார்த்தார். அப்புறம் சாக்பீஸைத் தட்டிப் பொடியாக்கிப் பக்கங்களின் மேல் தூவித் துடைத்தார். "எழுத்து நல்லாத் தெரியுது. அழாத. தையலைப் பாரு, எவ்வளவு கெட்டி!" என்றார். அப்புறம் அதையே பாடமாக்கிவிட்டார். "அணிலுக்குப் பின்னாடி யாரு ஒளிஞ்சிருக்கா? அவங்க பாட்டு என்ன?" பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பக்கத்தைப் புரட்டாமலேயே அடுத்த பாட்டை ஊகித்துக் கத்தினார்கள். அப்படி ஒரு வகுப்பு அதற்கு முன்னாலும் நடக்கவில்லை, பின்னாலும் நடக்கவில்லை. நான் தனியாக எழுந்து ஒரு பக்கம் முழுக்கப் பாடினேன். ஆமாம், நான். தனியாக.

பெரிய வாத்தியார் வராந்தாவில் வந்து நின்றார். மேல்துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"இது பள்ளிக்கூடமா, தோல் ஷாப்பாம்மா?"

இத்தனை நேரம் பாடிய பிள்ளைகள் அத்தனையும் கொல்லென்று சிரித்தன.

"எழுத்து எதுவும் போகல சார். நல்லாப் படிக்க முடியுது" என்றார் டீச்சர்.

"எழுத்து தெரியுது, அதோட நாத்தமும் தெரியுதே! எவன் வேலை இது?"

டீச்சர் புத்தகத்தை மூடினார். பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தாலே போதுமே, எந்தத் தெரு என்று தெரியாதா? "ஊமைக் கோட்டானா? வா இப்படி" என்று என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

மத்தியானம் மணி அடிக்கும் முன்பே சித்தப்பா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. எண்ணெய் காகிதத்துக்கு என்ன செய்யும் என்று தொட்டியில் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார். லுங்கியை மடித்துக் கட்டியபடி, கையில் ஒரு சாக்கு மூட்டை. அதில் மரத்தூள்.

"மன்னிச்சிக்கோங்க ஐயா. மரத்தூள்ல வெச்சி எடுத்தா எண்ண எல்லாம் வாங்கிடும். ஷாப்புல அப்டித்தான் எடுப்போம். ஒரு நாள் குடுங்க, பழையபடி ஆக்கித் தர்றேன்."

பெரிய வாத்தியார் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே கேட்டார். "உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமாடா?"

சித்தப்பா தலையைக் குனிந்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று. "தெரியாதுங்க ஐயா."

"அப்புறம் புத்தகத்துல கைய வெக்க உனக்கு இன்னா யோக்கியத கீது? கையப் பாரு கைய! தோல் உரிக்கிற புத்தியத் தோலோட வெச்சிக்கணும். சரஸ்வதியத் தூக்கி எண்ணச் சட்டியில போட்டுட்டானே!"

பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். டீச்சர் கதவோரம் நின்றிருந்தார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றிக்கொண்டிருந்தார். அது என் புத்தகம், நான்தான் கொடுத்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவருடைய பயம் எனக்குத் தெரியாததில்லை. வேலைக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பாத பெண். எல்லாம் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது?

"நாத்தம் போகாது. கொளுத்து" என்றார் பெரிய வாத்தியார்.

குப்பை எரிக்கிற இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில். புத்தகத்தை ஒரு குச்சியால் வராந்தாவிலிருந்து கீழே தள்ளிவிட்டார். சித்தப்பா அதை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். கொளுத்தப்போகிற புத்தகத்தின் மண்ணைத் தட்டினார். மத்தியானச் சாப்பாடு சமைக்கிற கொட்டகையிலிருந்து யாரோ நெருப்புப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஈரத்தோல் அடுக்கை ஒத்தையாளாகத் தலையில் தூக்குகிறவர் அவர். அந்த மனுஷனின் ஒரு முழங்கைக்கு வாத்தியார் தாங்க மாட்டார். முடியாது போய்யா என்று சொல்லு சித்தப்பா, சொல்லு சித்தப்பா என்று நான் வராந்தாக் கோடியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் குந்தி உட்கார்ந்து குச்சியைக் கிழித்தார்.

எண்ணெய் குடித்த புத்தகம் நன்றாக எரிந்தது. தோல் மட்டும் சுருண்டு சுருண்டு கடைசி வரைக்கும் கிடந்தது. மரத்தூள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா வேலைக்குத் திரும்பிப் போனார். என் பக்கம் பார்க்கவில்லை. நானும் அவரைக் கூப்பிடவில்லை. அடுத்த மணியில் மறுபடி மணலைப் பரப்பினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். சாம்பலும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்தார். தொட ஒன்றும் இல்லை, ஆனாலும் தேய்த்தார். துண்டில் துடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒட்டகத்துக்கு அப்புறம் இன்னா பாப்பா?"

எனக்கு எல்லாப் பாட்டும் வாயில் இருந்தது. கோபத்தோடுதான் சொன்னேன். "ஓடம் போகுது ஓரமா, ஓட்டுறவன் வீடு தூரமா?"

சாணி மெழுகிய வெறுந்தரையில் அவர் விரலை வைத்து, நான் சொல்லச் சொல்ல மெதுவாக நகர்த்தினார். அப்புறம் நிறுத்தி யோசித்தார். "ஓரமா, தூரமா. பின்னாடி ஒரே மூஞ்சிதான் இருக்கணும். அது எப்டி இருக்கும்? போட்டுக் காட்டு."

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தேன். தரையில் வைத்தேன். கை ஓடவில்லை. புத்தகத்தில் இருந்தால் எந்தப் பக்கத்திலும் கண்டுபிடித்துக் காட்டுவேன். நானாகப் போட எனக்கு இன்னும் வரவில்லை. எழுதச் சொல்லித் தருகிற கட்டத்துக்கு டீச்சர் இன்னும் வரவில்லையே. எதையோ கிறுக்கினேன், அழித்தேன், மறுபடி கிறுக்கினேன். பாட்டு முழுசாக இருந்தது, எழுத்து எரிந்துபோயிருந்தது. கரித்துண்டைச் சுவரில் வீசியடித்தேன்.

"எனக்கு வராது போ! புத்தகமே போச்சு, உனக்கு எதுக்குப் பாட்டு?"

"சரி உடு" என்றார். நான் கிறுக்கியதை உள்ளங்கையால் துடைத்தார். பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்த டீச்சர் அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போய்விட்டார். எனக்கு எழுத்து பிரம்படியில் வந்தது. பெரிய வாத்தியார் நல்ல பேரோடு ரிடையர் ஆனார், மாலை போட்டார்கள். சித்தப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷாப்புக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் கட்டி, சாகும் வரைக்கும் கையெழுத்துக்குப் பதில் கட்டை விரலை உருட்டினார். கறை படிந்த அந்த விரலுக்கு மை கூடத் தேவைப்படாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் கூடச் சிரிப்பார்கள்.

புத்தகம் எரிந்த அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடாமல் அழுதேன். என் புத்தகம், என் டீச்சர், என் மானம் என்று எல்லாவற்றுக்கும் 'என்' போட்டு அழுதேன். வேலையை இழுத்தடித்த சோம்பேறி என்று அவரைத் திட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று அவர் ஏன் வைத்துக்கொண்டார், நேற்றைய படத்தை ஏன் கையால் மூடினார், "தெரியுமாடா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு ஏன் அத்தனை நேரம் ஆயிற்று என்றெல்லாம் கேட்க ஆறு வயசுக்குத் தோன்றாது. எங்கள் வீட்டிலிருந்து அந்த வருஷம் ஒண்ணாங் கிளாஸ் படித்தது இரண்டு பேர். பாதிப் புத்தகம் தாண்டிவிட்ட ஒரு பிள்ளையின் கையில் நெருப்புக் குச்சியைக் கொடுத்து அதன் புத்தகத்தையே கொளுத்த வைத்திருக்கிறார்கள். கொளுத்தச் சொன்னவருக்கும் அது தெரியாது. வராந்தாக் கோடியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற எனக்கும் தெரியாது.